கையில் பாவு இருந்தது

எங்கள் தெருவில் முப்பது வருஷமாகப் பாவு போடுகிறவர் தஸ்தகீர். தறியில் ஏற்றும் முன்னால் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துச் சரிசெய்கிற வேலை அது. என் புருஷன் செத்த மாசம், கூப்பிடாமலே வந்து எங்கள் பாவைப் போட்டுத் தந்தவர்.

எல்லையில் சண்டை நடந்த வாரம், தெருமுனை மைதானத்தில் வாலிபால் போட்டி. ஆட்டத்துக்கு முன்னால் ஸ்பீக்கரில் தேசபக்திப் பாட்டு போட்டார்கள். தெருவே அசையாமல் நின்றது. தஸ்தகீர் மட்டும் குனிந்து, எங்கள் வீட்டுப் பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். நாலு பேர் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏன் தஸ்தகீரு, பாட்டு ஓடிக்கினு இருக்குது, நிமிந்தா இடுப்பு ஒடிஞ்சிடுமா? இன்னா, அந்தப் பக்கத்து ஆளா நீ?" என்று கத்தினேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கையிலிருந்த பாவை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். பாவு தொய்ந்து மண்ணில் விழுந்து சிக்கிக்கொண்டது. பாட்டு முடியும்வரை அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

பிடித்த பாவை நடுவில் விடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவள் நான். தெரிந்துதான் கத்தினேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுதுதாம்பா. சிக்கெடுக்க வா, நானும் கூட ஒக்காருறேன்."

"வரேங்கா. பாட்டு போடாத நாளா பாத்து சொல்லியனுப்பு," என்றார், மரியாதையாகத்தான்.

மூன்று நாளாக நான் தனியாகச் சிக்கெடுக்கிறேன். கால்வாசிகூட முடியவில்லை.