அப்பாவைச் சேர்க்கும் வேலை

புதுப்பட்டினத்தில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் வீடுகளில் ஒன்றின் முன்னறையில் வேண்டா என்ற பெண் கல்யாண ஆல்பம் செய்துகொடுக்கிறாள். படம் எடுப்பது வேறு ஆட்கள். செங்கல்பட்டிலிருந்தும் திருப்போரூரிலிருந்தும் அவர்கள் அனுப்புவதை வாங்கி, வானம் வெளுத்திருந்தால் மேகம் போடுவாள். மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தால் இன்னொரு படத்திலிருந்து கண்ணை எடுத்துத் திறந்துவைப்பாள். மத்தியானத்தில் சன்னல் திரை காற்றில் உப்பி அடங்கிக்கொண்டிருக்க, யார் யாரோ வீட்டுக் கல்யாணங்களுக்குள் நடமாடிக்கொண்டிருப்பாள். எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் முன்பின் பேசியிராத பெண்ணைப் பார்த்து, இவள் நெற்றிச்சுட்டியை நான்தானே நேராக்கினேன் என்று சிரித்துவிடுவாள். அந்தப் பெண் பயந்து நகர்ந்துபோவாள்.

போன வருஷம் அவளுடைய கம்ப்யூட்டர் நடக்க மாட்டாமல் நடந்தது. கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டும் அவள் கணவன் மோகன், அதைச் செங்கல்பட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தன் சிநேகிதன் கண்ணாயிரத்திடம் கொண்டுபோனான். கண்ணாயிரம் உள்ளே இருந்த தூசியைத் தட்டி, விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் திருப்பித் தந்தான்.

அந்த வாரம்தான் பார்வதம் வந்தாள். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம். மகள் கல்யாணம் முடிந்திருந்தது. அதற்கு முந்தைய வருஷமே கணவர் சுப்பிரமணி போய்விட்டார்.

"படத்துலயாவது பொண்ணு பக்கத்துல நிக்கட்டும்மா," என்று அவருடைய போட்டோ ஒன்றைக் கொடுத்தாள். தோளில் துண்டோடு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார் சுப்பிரமணி. வேறு படமே இல்லையாம்.

வேண்டா அவரைப் பின்னணியிலிருந்து மெல்லப் பிரித்தெடுக்கத் தொடங்கினாள். துண்டின் ஓரத்துக்கு வந்தபோது திரை முழுக்க நீலமானது. ஒரு சோகமுகக் குறி, அடியில் ஏதோ ஆங்கிலம். பிறகு கம்ப்யூட்டர் தானே அணைந்து தானே எழுந்தது. மறுபடி தோள், மறுபடி துண்டு, மறுபடி நீலம்.

கண்ணாயிரம் வீட்டுக்கே வந்து இன்னொரு தடவை விண்டோஸ் போட்டான். அவன் பைக் தெருமுனை திரும்புவதற்குள் திரை நீலமாகிவிட்டது.

"இன்னா மச்சான் போட்ட நீ? ரொம்ப பேஜாரா கீது," என்று போனில் மோகன் கத்தினான்.

படம் எந்த மட்டில் இருக்கிறதென்று பார்க்க வந்த பார்வதம் விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அவுருக்குப் புடிக்கல போலகீதும்மா. உசுரோட இருக்கசொல்லயே போட்டோன்னா எழுந்து பூடுவாரு. வுட்டுடு."

அந்தப் பேச்சு வேண்டாவின் மனதில் ஒட்டிக்கொண்டது. சுப்பிரமணியின் படத்தை மூடிவைத்தாள். துணி காயப்போடும்போதும் அந்தச் சுருங்கிய கண்கள் வெயிலுக்குள்ளிருந்து அவளையே பார்ப்பதுபோல இருந்தது. வரமாட்டேன் என்கிற ஒருவரைக் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் இழுக்கிறோமோ என்று நினைத்தாள்.

ஆனால் ஒரு நாள் அவள் சும்மா பாட்டு போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோதும் திரை நீலமானது. கீழே இருந்த ஆங்கிலம் போன தடவை பார்த்ததல்ல. அப்போதுதான் யோசித்தாள். பாட்டுக்கும் சுப்பிரமணிக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்தடுத்து வந்த நீலத் திரைகளைப் போனில் படம் பிடித்து, கூடப் படித்த பிரதீபாவுக்கு அனுப்பினாள். பிரதீபா பொத்தேரியில் குடியிருந்துகொண்டு ஒரு ஐ.டி. ஆபீசில் வேலை பார்ப்பவள். உடனே கூப்பிட்டாள்.

"ஏய், ஒவ்வொண்ணுலயும் வேற வேற எரர் வந்துகினு கீதுடி. விண்டோஸ் கெட்டிருந்தா பெரும்பாலும் ஒரே பாட்டத்தான் பாடும். எனக்கு ரேம் மேலதான், அதோட மெமரி மேலதான் சந்தேகம். விண்டோஸே இல்லாம டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு அனுப்புறேன், பென்டிரைவ்ல போட்டு ஓட வுடு."

சோதனை ஆமை வேகத்தில் நகர்ந்தது. வேண்டா கதவைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போனாள். வெயில் தாழ்ந்திருந்தது. ஈர மணலில் வானம் கிடந்தது. அதன்மேல் நண்டுகள் குறுக்கே ஓடின. கட்டுமரம் ஒன்றின் நிழலில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். வீட்டில் யாருமில்லாத அறையில் அந்தப் பெட்டி தன் நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அலைச் சத்தத்தில் கொஞ்சம் தூங்கியும் போனாள்.

திரும்பி வந்தபோது திரையில் பிழை காட்டும் சிவப்பு வரிகள் நிறைந்திருந்தன.

உள்ளே இரண்டு பள்ளங்களில் இரண்டு ரேம் அட்டைகள். பிரதீபா சொன்னபடி மின்சாரத்தைத் துண்டித்து, ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மட்டும் வைத்துச் சோதித்தாள். பிறகு இடம் மாற்றி வைத்தாள். முதல் பள்ளத்தில் எந்த அட்டையை வைத்தாலும் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. இரண்டாவதில் எதை வைத்தாலும் சிவப்பு. டார்ச் அடித்துப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தின் உள்பற்களில் பச்சைப் பூச்சு படிந்திருந்தது. கடல் காற்றின் உப்பு அரித்த களிம்பு.

கண்ணாயிரத்திடம் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான். "தூசி தட்டசொல்ல ரெண்டையும் கழட்டி மாட்டினேன் தங்கச்சி. அசையாத வரைக்கும் எப்டியோ ஒட்டிகினு இருந்திருக்கு. நான் இன்னாடான்னா விண்டோஸையே தொரத்திகினு இருந்தேன். போர்டு மாத்தணும். அது வர வரைக்கும் ஒத்த ரேமுல ஓட்டு."

ஒற்றை அட்டையில் படங்கள் சோம்பலாகத் திறந்தன. சுப்பிரமணி தலையிலிருந்து கால்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தார். வேண்டாவுக்கு அந்த நிதானம் பிடித்திருந்தது. மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தை அவர் கன்னத்தில் தடவினாள். துண்டின் மடிப்பில் நிழல் விட்டாள். மணப்பெண்ணின் வலப்பக்கம் நிறுத்தினாள். திரை நீலமாகவில்லை.

பார்வதம் வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா இவுரு இங்க நிக்க மாட்டாரும்மா."

"எங்க நிப்பாரு?"

பார்வதம் திரைக்குள் தேடினாள். படத்தின் ஓரத்தில், கூட்டத்துக்குப் பின்னால், பந்தி நடக்கும் ஹாலின் வாசல் பாதி தெரிந்தது. அங்கே விரலை வைத்தாள். "தோ, இங்க. போறவன் வர்றவனை எல்லாம் சாப்ட்டியான்னு கேட்டுகினு நிப்பாரு. மேடைக்கு இட்டாந்தா வெக்கப்படுவாரு."

வேண்டா அவரைச் சின்னதாக்கி, லேசாக மங்கவைத்து, வாசல் நிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். கண்ணைச் சுருக்கியிருந்தது இப்போது கூட்டத்தில் யாரையோ அடையாளம் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. பார்வதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆல்பம் போய்ச் சேர்ந்த பிறகு பார்வதத்தின் மகள் போன் செய்தாள். அப்பாவைச் சேர்த்ததைப் பற்றி அம்மா அவளிடம் எதுவுமே சொல்லவில்லையாம்.

"அக்கா, ரெண்டு மூணு வாட்டி பொரட்டிட்டேன், கண்ல படவே இல்ல. இன்னிக்கு மாமியார் வூட்டு ஆளுங்களுக்குக் காட்டிகினு இருக்கேன், திடீர்னு பின்னால அப்பா நிக்கிறாரு. 'ஐயோ, நைனா'ன்னு கத்திட்டேன்."

வேண்டா போனைக் காதில் வைத்தபடியே அந்தப் படத்தைத் திறந்து, பந்தி வாசலில் அவர் நிற்கிறாரா என்று பார்த்தாள்.