பச்சை பெயிண்டுக்கு அடியில்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடையின் மேல் ஓர் இரும்புப் பாலம் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைத் தாண்டித்தான் மலைக்குப் போவார்கள். வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று, என்னை அதற்கு பெயிண்ட் அடிக்கச் சொன்னார் மேனேஜர் தொரை.

பழைய பெயிண்ட் உரிந்து, துரு செதில் செதிலாக நின்றது. உதிர்கிற துருவையாவது கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்திருக்க வேண்டும். நான் சாக்குத் துணியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கால் வைக்கும் தகடுகள் உட்பட, துருவின் மேலேயே பச்சை பெயிண்டை அடித்தேன். இரண்டு நாள் வேலை ஒரே மத்தியானத்தில் முடிந்தது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். முதலில் ஏறிய செல்வி அக்கா பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"தம்பி, இங்கன ஒரு தகடு இத்துப் போயிருந்துச்சே, அது எது? துருவப் பாத்துத்தான் நாங்க தாண்டிப் போவோம். இப்ப எல்லாம் ஒரே பச்சையா இருக்கே!"

அடித்தவன் நான், எனக்கே தெரியவில்லை.

"அசையாதீங்கக்கா!"

சுத்தியலை எடுத்துக்கொண்டு தவழ்ந்து போனேன். ஒவ்வொரு தகடாகத் தட்டினேன். டங், டங் என்றது. அவர் காலுக்கு ஒரு சாண் முன்னால் தட்டியபோது சத்தமே வரவில்லை. சுத்தியல் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. ஓட்டை வழியே ஓடைப் பாறை தெரிந்தது.

அக்கா அப்படியே பின்னால் நடந்து கரை ஏறினார்.

தகட்டை மாற்றியாகிவிட்டது. இப்போதெல்லாம் துருவைச் சுரண்டாமல் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. ஆனாலும் காலையில் அவர்கள் பாலத்தில் ஏறும் சத்தம் கேட்டால், கடைசி ஆள் கரை சேரும்வரை எனக்கு வேலையில் கை ஓடுவதில்லை.