மேம்பாலத்தின் மேல் ஒரு ரயில்வே கேட்

கிர்ர்ர்… கிர்ர்ர்… எங்கள் தொழிலில் ரயில் முதலில் காதுக்குத்தான் வரும். கண்ணுக்கு வர நேரமாகும். கேபினில் போன் அலறும். ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியின் நம்பரைச் சொல்வார். நான் கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டு, பூட்டியதற்குச் சாட்சியாக என்னிடமுள்ள தாளிலிருந்து ஒரு ரகசிய எண்ணைச் சொல்வேன். அதன்பிறகு ரயில் கடக்கும்வரை அந்தப் பூட்டின் சாவி என் பேச்சைக்கூடக் கேட்காது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் இருபத்தொரு வருடம், பெரும்பாலும் ராத்திரி டூட்டி. நீங்களும் என்றைக்காவது அந்தச் சிவப்பு வெள்ளைக் கம்பிக்கு முன்னால் நின்று என்னைத் திட்டியிருப்பீர்கள். பரவாயில்லை. நீங்கள் வெளியே காத்திருந்தீர்கள், நான் உள்ளே காத்திருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெர்மனிக்காரன்

ஒருநாள் விடியும் முன்னே ஒரு கண்டெய்னர் லாரி வந்து நின்றது. பின்னாலேயே கம்பெனி கார். உள்ளேயிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் இறங்கினார். ஒரு கூட்ஸ் போனது. கேட்டைத் தூக்குவேன் என்று நினைத்தார். எதிர்த் திசையில் இன்னொரு கூட்ஸ். அதுவும் போனது. மூன்றாவதாக எக்ஸ்பிரஸுக்குப் போன் அடித்தது. மனுஷன் கேபினுக்கே வந்துவிட்டார். துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, இன்னும் ஒரு மணி நேரத்தில் பெட்டி போய்ச் சேரவேண்டும் என்றார். சாவி வராது சார் என்று பூட்டைக் காட்டினேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. கம்பியைக் காட்டிச் சொன்னார்: “மூணு மாசம் ராப்பகலா செஞ்ச சரக்கு. ஜெர்மனிக்காரன் காத்துக்கினு இருக்கான். எல்லாம் ஒரு கம்பிக்குக் கீழ நிக்குது பாருய்யா!”

இரண்டு சிவப்பு

ஸ்டெல்லா எளாவூர் பக்கத்துப் பெண். அவள் அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் கூலிவேலை பார்த்தவர்கள். அந்த வீட்டிலிருந்து கம்பெனி வேலைக்குப் போன முதல் ஆள் இவள்தான். கார் உதிரிபாகம் செய்யும் இடத்தில் ஒரு வருட ஒப்பந்தம். வருடத்துக்குள் மூன்று தரம் லேட்டானால் நிரந்தரம் கிடையாது. ஆறு மணி ஷிப்ட்டுக்கு அவள் ஸ்கூட்டியில் வருகிற நேரமும் ஒரு எக்ஸ்பிரஸ் வருகிற நேரமும் ஒன்று. இரண்டு தரம் லேட். இரண்டும் என் கேட்டில்.

இரண்டாவது தரம் கெஞ்சினாள். “வண்டி தூரத்துலதானேண்ணா வருது, ஒரு ஆளு போறாப்புல தூக்கேன்” என்றாள். பூட்டியது பூட்டியதுதான் என்றேன். எனக்கும் பெண் இருக்கிறாள், அதனால்தான் தூக்கவில்லை. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கோபமில்லாமல் கேட்டாள்: “ரயிலு லேட்டானா மைக்ல மன்னிப்பு கேக்கறாங்க. நான் லேட்டானா அட்டை காட்டுற மிஷினு சிவப்பா எரியுது. இன்னா நியாயம்ண்ணா இது?”

அன்று பகல் முழுக்கத் தூக்கம் வரவில்லை. பொதுவாகவே வராது என்பது வேறு விஷயம்.

தூண்கள்

ஸ்டெல்லா வேலைக்குச் சேர்வதற்குப் பல வருடம் முன்னாலேயே என் கேட்டுக்குப் பக்கத்தில் மேம்பாலத்துக்குத் தூண் போட்டார்கள். போட்டார்கள், அவ்வளவுதான். நிலம் எடுப்பதில் ஏதோ சிக்கல் என்று மேலே ஒன்றும் வராமல் வருடக்கணக்கில் நின்றன. கல்யாண போஸ்டர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் ஒட்டி முடித்தாகிவிட்டது. வாரம் இரண்டு தரம் சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து மணல் கொண்டுவரும் டிரைவர் ஒருவர், நிற்கும்போதெல்லாம் தூண்களை எண்ணுவார். ஒருநாள் எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “காலெல்லாம் வந்துடுச்சு நைனா, உடம்பு எப்போ வரும்?”

கடைசி அத்தியாயம்

நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஆனால் கண்ணெதிரே நிற்கிற ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. பழைய பேப்பர் கடையில் பாலம் கட்டுவதைப் பற்றி ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. இரண்டு ரயிலுக்கு நடுவில் பத்துப் பத்து வரியாக, அகராதி வைத்துக்கொண்டு, ஒரு வருடம் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. இந்த வட்டாரத்தில் ஆலைக்கும் குறைவில்லை, உழைக்கிற ஆளுக்கும் குறைவில்லை. ஆளையும் சரக்கையும் நிற்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழிதான் குறை. வழியைக் கொடுத்தால் மிச்சத்தை ஜனங்களே பார்த்துக்கொள்வார்கள். இதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. அந்தப் பாலம் என் கேட்டை மூடிவிடும் என்று தெரிந்தபிறகும் இல்லை.

ஒருவழியாக, ஸ்டெல்லா கம்பெனியில் சேர்ந்த சமயத்தில், பாலத்து வேலை மறுபடி தொடங்கியது. தூண்களின்மேல் உத்தரங்கள் ஏறின. அந்த வேலையைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசர் குமாரிடம் புத்தகத்தைக் காட்டி, பாலமும் சாலையும் சேருமிடத்தில் மண் இறங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், அந்த அத்தியாயம் என்னிடம் இல்லை என்றேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்: “வுடுண்ணே, நாங்க படிச்சப்பவும் அந்தப் பாடத்தை நீங்களே படிச்சிக்கோங்கன்னு வுட்டுட்டாங்க.”

பழக்கதோஷம்

பாலம் திறந்தார்கள். பழைய கேட்டைச் சங்கிலி போட்டு மூடினார்கள். எனக்கு வடக்கே இன்னொரு கேட்டில் டூட்டி. மறுநாள் விடியலில் அங்கே போய்ச் சேர, சைக்கிளை மிதித்துப் பாலத்தில் ஏறினேன். ஒரு பக்கம் இன்னும் பெயின்ட் வேலை நடந்ததால் ஒரே வரிசையாகத்தான் வண்டிகள் போயின. உச்சிக்கு வந்தேன். தெற்கேயிருந்து ரயிலின் ஹாரன் கேட்டது.

என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இறங்கி, சைக்கிளைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, கையைத் தூக்கிவிட்டேன். பின்னால் வந்த டிரெய்லர் நின்றது. அதன் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அவர்களுக்கும் இருபது வருடப் பழக்கமல்லவா, ஹாரன் கேட்டதும் எஞ்சினை அணைத்துவிட்டார்கள்! ஒருவர் இறங்கி நெட்டி முறித்தார். ரயில் எங்கள் காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்க, பாலத்தின் மேல் நாங்கள் மரியாதையாகக் காத்திருந்தோம்.

வண்டிகளின் இடுக்கில் நெளிந்து நெளிந்து ஒரு ஸ்கூட்டி முன்னால் வந்தது. ஸ்டெல்லா. ஷிப்ட்டுக்கு ஆறு நிமிஷம். ஒப்பந்தம் முடியப் பத்து நாள். மூன்றாவது சிவப்பு எரிந்தால் ஒரு வருட உழைப்பும் போச்சு. அவள் கீழே பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், அலறினாள்: “யண்ணா! இங்கயும் வந்து கேட்டு போட்டுட்டியா?”

பால் வண்டி

சைக்கிளை ஓரமாக இழுத்தேன். அவள் பறந்தாள். ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா? புது கேட்டில் கேட்க ஆளில்லை. பத்து ராத்திரியும் அந்த ஆறு நிமிஷத்தையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தொரு வருடம் விதிப்படி நிறுத்தினேன், மனசாட்சி உறுத்தியதில்லை. விதியில்லாமல் நிறுத்தியது அந்த ஒரு தரம்தான்.

பதினோராம் நாள் காலை, கேட்டில் வந்து நின்ற பால் வண்டிக்காரர் முனுசாமி தலையை வெளியே நீட்டினார். அவர் ஸ்டெல்லாவின் ஊர்க்காரர். “நீதான் அந்தக் கேட்டு அண்ணனா? எங்கூரு ஸ்டெல்லாவுக்கு பெர்மனென்ட் ஆர்டர் வந்துடுச்சு. உன்னாண்ட ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு: ‘அன்னிக்கு பச்சைதாண்ணா எரிஞ்சுது!’”

இருபத்தொரு வருடம் நாட்டை நிறுத்தி நிறுத்திச் சம்பளம் வாங்கிய நான், அதன் முன்னேற்றத்துக்குச் செய்த ஒரே பெரிய உதவி, சைக்கிளை ஓரமாக இழுத்ததுதான்.

ரயில் போனதும் கேட்டைத் தூக்கினேன். பால் வண்டி கடந்தது. அதன் டயர் உதறிவிட்டுப் போன ஜல்லி ஒன்று தண்டவாள இடுக்கில் மாட்டியிருந்தது. அடுத்த ரயிலின் சக்கரத்துக்கு அது இடைஞ்சலாகிவிடக் கூடாதே என்று கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு தோண்ட உட்கார்ந்தேன்.