மாடிவீட்டு டீச்சர் படத்தில் சொன்னது

குழாய் ரிப்பேர் செய்யும் அவரை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் 'வாஷர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும், "வாஷர்தான் போயிருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே ஒட்டிக்கொண்ட பெயர்.

பழைய கட்டடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டிய வாரம், ஆவணப்படம் எடுக்க ஒரு பெண் கேமராவோடு வந்தாள். வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"வீடுன்னா உங்களுக்கு என்னங்கய்யா?"

வாஷர் தலையைச் சொறிந்தார். "ஒழுகாம இருக்கணும்மா."

"நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டீங்க" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர்கள் தலைக்கு மேலே குடியிருந்தவர் ரிட்டயரான டீச்சர். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுச் சுவரில் இறங்க, தரையை உடைக்க வேண்டும் என்று இவர் சொல்ல, முடியாது என்று அவர் சொல்ல, வாய்ச்சண்டை முற்றிவிட்டது. அத்தோடு மாடிப்படியில் எதிரே வந்தால்கூட ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

இடிபட்டதும் ஆளுக்கொரு திசையாகச் சிதறினார்கள். வாஷரும் மனைவியும் மகள் வீட்டு ஹாலில் தஞ்சமானார்கள். மாப்பிள்ளை தங்கமானவர்தான்; இருந்தாலும் அங்கே கால் நீட்டிப் படுக்கவே கூச்சமாக இருந்தது.

அடுத்த வருஷம் நூலக அரங்கில் படத்தைப் போட்டார்கள். பழைய முகங்கள் எல்லாம் வந்திருந்தன. திரையில் டீச்சர் பேசினார்.

"என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருந்த நேரம். அதான் தரையை உடைக்க விடலை. காரணத்தைச் சொல்லாம கீழ்வீட்டுக்காரரைக் கண்டபடி திட்டிட்டேன். ஒருநாள் சமையலறைக் குழாய் உடைஞ்சு வீடெல்லாம் வெள்ளம். சத்தம் கேட்டு அவரே வந்தார். சரி பண்ணிட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டார். நானும் ஒரு நன்றி சொல்லலை. கீழ ஒரு ஆள் இருக்கார்ங்கற தைரியத்துலதான் இவ்வளவு நாள் இங்க இருந்தேன்."

வாஷர் மூக்கை உறிஞ்சினார். மனைவி முந்தானையை நீட்டினாள்.

வெளியே டீச்சர் நேராக அவர்களிடம் வந்தார். வாஷர்தான் ஆரம்பித்தார். "சார் இழுத்துக்கிட்டுக் கிடந்தது அப்போ எனக்குத் தெரியாது டீச்சர். தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டேன்."

"விடுங்க. இப்போ எங்க இருக்கீங்க?"

மனைவி மென்று விழுங்கிச் சொன்னாள். டீச்சர் கேட்டுக்கொண்டார். "எங்க கட்டடத்துல எனக்குக் கீழ்வீடு காலி. ஓனர் எங்கிட்ட படிச்ச பொண்ணு. நாளைக்கே வந்து பாருங்க."

மாதம் முடிவதற்குள் குடிபோனார்கள். சின்ன வீடுதான், ஆனால் காற்றோட்டம் உண்டு. முதல் நாள் வாஷர் நடு ஹாலில் மல்லாந்து படுத்து, பகல் முழுக்கத் தூங்கினார்.

எழுந்ததும் அந்தக் கேமராப் பெண்ணுக்கு நன்றி சொல்ல போன் போட்டார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், புது வீட்டில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று கால் மணி நேரம் விளக்கினார். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"ரொம்ப சந்தோஷங்கய்யா" என்றாள்.