பல்லில்லாத வாயில் புழு

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் கணக்கில் பல் வலிக்கு வைத்தியம் தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அருப்புக்கோட்டைப் பல் டாக்டர். இன்னொருவன் நான்.

என் மகள் இரண்டாம் வகுப்புப் படித்தபோது, சாப்பிடும்போது வலிக்கிறது என்று அழுதாள். டவுனுக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். கடைவாய்ப் பல்லின் மேல் கடுகளவு கறுப்பு.

"இது விழுந்து முளைக்கிற பல்லு இல்ல. கடைசி வரைக்கும் இதுதான். இப்பவே சிமெண்ட் வச்சு அடைச்சுட்டா தப்பிக்கும். குழி பெருசாச்சுன்னா புடுங்கணும்" என்றார்.

அடையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை எனக்கு எங்கே வரும்? "வீட்டுல கேட்டுட்டு வாரேன்" என்று பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் கேட்பது என்றால் மாமனாரைக் கேட்பது. அவருக்கு ஒரு பல்கூடக் கிடையாது. ஆகவே பல் விஷயத்தில் அவர் சொல்வதுதான் முடிவு.

"சிமெண்டா? அது என்ன கெணறா, பூசுறதுக்கு? உள்ள புழு இருக்கும் மாப்ள. புழுவ உள்ள வச்சுப் பூசுனா மண்டைக்கு ஏறிரும்."

எங்கள் நல்ல நேரம், திருச்சுழிப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த பல்புழு எடுக்கிறவர் மறுநாளே எங்கள் வாசலில் நின்றார். சட்டியில் நெருப்புக் கங்கு, அதில் போடக் கண்டங்கத்திரி விதை, புகையை வாய்க்குள் இழுக்க ஒரு ஆமணக்குக் குழல், புழு விழுவதற்குத் தட்டில் தண்ணீர். மகள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"பிள்ளை பயப்படுது. மொதல்ல மாமா உக்காந்து காட்டட்டும்."

மாமா உட்கார்ந்தார். புகையை இழுத்து, இருமி, தட்டில் துப்பினார். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் மிதந்தன. பல்லே இல்லாத வாயிலிருந்து. இது ஏமாற்று வேலை என்று இனி எல்லோருக்கும் விளங்கிவிடும் என நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மாமா தட்டைத் தூக்கித் தெருவுக்கே காட்டினார். "பாத்தீகளா, பல்லு போயி எத்தன வருசமாச்சு. புழு ஒண்ணுகூடச் சாகல."

"அவுக ஒடம்பு அப்படி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை. புழு எடுக்கிறவர் குழலைத் துடைத்துவிட்டு என் மகளைக் கூப்பிட்டார்.

அடுப்படியிலிருந்து என் மனைவி வந்து தட்டை எட்டிப் பார்த்தாள். "பல்லு இல்லாமயே எங்கய்யாவுக்கு இம்புட்டுப் புழுவா? அப்பப் பல்லுக்கும் புழுவுக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க. பஸ்ஸு வந்துரும்."

டாக்டர் குழியை அடைத்தார். அந்தப் பல் இன்றும் என் மகள் வாயில் இருக்கிறது. முறுக்கு, சேவு எதையும் விட்டுவைப்பதில்லை. ஊரில் மாமா சொன்ன காரணம்தான் வேறு.

"அன்னைக்கு எனக்குப் போட்ட புகை, பக்கத்துல நின்ன பிள்ளைக்கும் பட்டுச்சுல்ல. அதான்."

நான் மறுத்துப் பேசவில்லை. வாயைத் திறந்தால் எனக்கும் புழு எடுத்துவிடுவார்கள்.