எபினேசரின் இரண்டாவது ஆபீஸ்

என் வீட்டுக்காரர் எபினேசரை ராயபுரத்தில் எல்லோரும் நல்ல மனுஷன் என்பார்கள். நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றது? ஆனால் பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுத்துப் பார்க்கிற மனுஷன். அவரோடு குடும்பம் நடத்துகிறவளுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு.

கீழே, தெற்கேயிருந்து பிழைக்க வந்த என் மாமனார் ஆரம்பித்த மளிகை மொத்தக் கடை. அதன் கல்லாவில் ரெஜியாகிய நான். மாடியில் அவருடைய இன்டர்நெட் விளம்பரக் கம்பெனி. தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு பிரவுசிங் சென்டர்தான் வைத்தார். ஹார்பர் வேலையாக வருகிற ஏற்றுமதிக்காரர்கள் மெயில் பார்க்க வருவார்கள். அவர்களில் ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுக்க, அவர் இன்னொருவரிடம் சொல்ல, வேலை பெருகியது. இணையத்தில் தேடினால் வாடிக்கையாளர் பெயர் மேலே வரும்படி விளம்பரம் போடுவது, மாதாமாதம் மெயில் அனுப்புவது எல்லாம் கற்றுக்கொண்டார். இரண்டாயிரத்து ஆறில் ஐந்து பிள்ளைகள் வேலை பார்த்தார்கள்.

அந்த ஐந்து பேரும் அவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அப்போதுதான் எல்லா மானிட்டரும் அவர் கண்ணில் படும். பாஸ்வேர்டு எதையும் யாருக்கும் சொல்ல மாட்டார். வேண்டுமென்றால் எழுந்து வந்து அவரே தட்டுவார், பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவருக்குக் காய்ச்சல் என்றால் கம்பெனிக்கும் காய்ச்சல். பிறகு எப்படி அது வளரும்?

வளர வேண்டும் என்று அவருக்கும் கொள்ளை ஆசை. திருவொற்றியூரில் இன்னொரு ஆபீஸ் போட்டால் லாரிக்காரர்கள், தொழிற்சாலைக்காரர்கள் எல்லோரையும் பிடித்துவிடலாம் என்று இடம் பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். அங்கே பொறுப்பாக உட்காரத் தகுதியான ஆள் ஒருத்திதான் இருந்தாள். மகிழினி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டுப் பெண். கஸ்டமர்கள் போன் செய்தால் “மகிழினி இல்லியா?” என்றுதான் கேட்பார்கள். கேட்டதும் இவர் முகம் சுருங்கிவிடும்.

“எல்லாத்தையும் அவ கையில குடுத்தா, நாளைக்கே தனிக்கடை போட்டுருவா, பாத்துக்கிடு” என்றார்.

“போடட்டுமே அத்தான். மாமா கடையில வேலை பாத்தவங்களுக்கு மாமாவே கடை வச்சுக் குடுக்கலையா?”

“ஏட்டி, அது நம்ம ஊர்ப் பயலுவ. இவ யாரு, என்னன்னு நமக்குத் தெரியுமா?”

மூன்று வருஷம் கண்ணெதிரே வேலை பார்த்தவளைத் தெரியாதாம். ஆனால் சந்தேகம் ஒட்டுவாரொட்டி. அவள் ஏன் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசுகிறாள் என்று கல்லாவிலிருந்து நானும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

கடைசியில் ஒரு பொறி வைத்தார். ‘கன்னியம்மா டிரேடர்ஸ், மீஞ்சூர்’ என்று இல்லாத கம்பெனி ஒன்றை உண்டாக்கி, வாடிக்கையாளர்களோடு அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றும்படி மகிழினியிடமே சொன்னார். அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த நம்பர், புது சிம் போட்ட எங்களுடைய பழைய செல்போன். அது என் கல்லாவுக்குள் கிடந்தது. எவராவது விவரங்களைத் திருடி வெளியே கொடுத்தால் அந்தப் போன் அடிக்கும்.

“நீங்க போலீசுல சேந்திருக்கலாம்” என்று சிரித்தேன்.

அடித்தது. யாரோ ஒரு பையன், “கன்னியம்மா டிரேடர்ஸா? இப்ப குடுக்கிறதுல பாதிதான் சார்ஜ், வெப்சைட் நாங்க பாத்துக்கறோம்” என்றான். மாடிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அத்தனை பேர் நடுவிலும் மகிழினியை எழுப்பி, பையை மேசைமேல் கவிழ்க்கச் சொன்னார். டிபன் பாக்ஸ், குடை, பஸ் பாஸ், செய்தித்தாளில் சுற்றிய பெண்பிள்ளைச் சாமான் ஒன்று. நாலு பையன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே உடம்பு கூசியது.

“நா ஒண்ணும் எடுக்கல சார். இன்னா தேடுறீங்கன்னு சொல்லிட்டாவது தேடக் கூடாதா?” என்றாள். எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். இவரும் நிறுத்தவில்லை.

அவள் போனபின் வேலை நாறியது. ஒருவருக்குப் போக வேண்டிய மெயில் இன்னொருவருக்குப் போனது. பழைய கஸ்டமர்கள் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். திருவொற்றியூர் இடத்துக்காரர் எப்போது திறக்கப் போகிறீர்கள் என்று நச்சரித்தார்.

அப்புறம் ஒரு மத்தியானம் அந்தப் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை முதலாளியே பேசினார். “மேடம், கர்த்தர் கிருபையால நம்ம கம்பெனி இப்பதான் ஆரம்பிச்சிருக்கு...” வெண்ணெய் வழிகிற அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? இவருடைய சித்தப்பா மகன் ஜெபசிங். ‘ஹலோ’வுக்கு மேல் நான் வாயே திறக்காமல் போனை வைத்துவிட்டு மேலே போனேன்.

“அத்தான், ஜெபசிங் நம்ம கம்ப்யூட்டரைத் தொட்டானா?”

“அவன் எங்க தொட்டான்? நான்லா காப்பி பண்ணிக் குடுத்தேன். கோயில் மலருக்கு விளம்பரம் சேக்கணும், கஸ்டமர் விவரமெல்லாம் வேணும்னு கேட்டான். அசன வேலைக்குப் போய் மாட்டேன்னா சொல்ல முடியும்?”

திருவிழா முடிந்ததும் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் ஊர் வேதக்கோயிலில் அசனம். அதன் பேரைச் சொல்லி யார் கேட்டாலும் எங்கள் ஆட்கள் யோசிக்க மாட்டார்கள். வேலைக்காரப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், சொந்தக்காரன் வந்தால் அவரே பாஸ்வேர்டைத் தட்டித் திறந்து வைப்பார். தலையில் அடித்துக்கொண்டேன். போனில் கேட்டதைச் சொன்னதும் மனுஷன் முகம் வெளுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் வியாசர்பாடிக்குப் போனோம். மகிழினி நாற்காலி எடுத்துப் போட்டாள். அவள் அம்மா டீ கொடுத்தாள். மரியாதைக்குக் குறைவில்லை.

“தப்பு எம்மேலதாம்மா. குடுத்தது நான், எடுத்தது என் தம்பி ஜெபசிங்” என்றார் இவர். “நீ வந்துரு. திருவொற்றியூர் ஆபீஸ் உன் பொறுப்பு. பாஸ்வேர்டு எல்லாம் இனி உங்கிட்டதான் இருக்கும்.”

இந்த மனுஷன் வாயில் அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மகிழினி, “ஜெபசிங் சாரக் கேட்டீங்களா?” என்றாள்.

“என்னதும்மா?”

“என்னியக் கேட்டீங்களே, அந்த மாரி. நாலு பேரு எதிர்ல நிக்க வெச்சி.”

இவர் தரையைப் பார்த்தார். “அடுத்த வாரம் அசனம் வருதும்மா. ஊரே கூடுற நேரம். சொந்தக்காரன் வேற... அவன் மனசு கஷ்டப்படும்லா?”

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சரிதான். அதை எங்கே வைத்துச் சொல்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? அந்த இடத்திலேயே அவர் வாயைப் பொத்தலாமா என்று வந்தது எனக்கு.

மகிழினி கோபப்படவில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டாள்.

“அப்ப திருவொத்தியூரு ஆபீஸ அவராண்டயே குட்த்துடுங்க சார். எனுக்கு வேற எடத்துல வேல கெடச்சிக்கீது.”

மறுநாள் இவர் திருவொற்றியூர் போய், ஆபீஸ் வேண்டாம் என்று சொல்லி அட்வான்ஸைத் திரும்ப வாங்கி வந்தார். ஜெபசிங்கிடம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.