ஏழு புத்தகமும் படித்தவன் நான்

இன்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண் தலையணை கனத்துக்கு ஒரு டிராகன் நாவல் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஏழு புத்தக வரிசையில் நான் பார்த்தது டிவியில் வந்த தமிழ் டப்பிங் படங்கள்தான். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா?

“ஏழு புக்கும் ரெண்டு வாட்டி படிச்சவம்மா நானு. படமெல்லாம் அதுல கால்வாசி வராது.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “ஹீரோ தங்கச்சியையே படத்துலேர்ந்து தூக்கிட்டாங்களே அங்கிள், கோவம் வரல?”

தங்கச்சி இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“மூணு நாளு சோறு எறங்கலம்மா.”

“திங்கக்கிழமை எங்க காலேஜ்ல புக்கா படமான்னு பட்டிமன்றம். எல்லாரும் படத்த மட்டும் பாத்துட்டுப் பேசிக்கினு இருக்காங்க. புக்கு படிச்ச நடுவரு கிடைக்கல. நீங்க வர்றீங்களா?”

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நண்பர்களே, அந்தத் தங்கச்சியின் பெயரையாவது கமெண்ட்டில் சொல்லுங்கள்.